பழங்குடித் திராட்சை என்று ஒன்று இல்லை

"இது எங்கள் பழங்குடித் திராட்சை" என்று திரைக்கு அடியில் எழுத்து ஓடியது. படத்தில் ஒரு அம்மாள், குரோவேஷியாவின் கோர்ச்சுலா தீவில், லும்பார்டா என்ற ஊரில், திராட்சைக் கொத்து ஒன்றைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள் கேட்டாள்: "மாமா, அந்தத் தீவுல எந்தப் பழங்குடி இருக்காங்க?"

நியாயமான கேள்வி. எழுதியதை எழுதியபடி படித்திருக்கிறாள். அந்தத் தீவில் பழங்குடி யாரும் இல்லை. அந்த அம்மாள் தன் மொழியில் சொன்னது 'அவுத்தோஹ்தோனா சோர்த்தா'. அந்த மண்ணுக்கே உரிய ரகம் என்று பொருள். அது ஆங்கிலத்தில் 'இண்டிஜினஸ்' ஆகி, அங்கிருந்து அகராதியின் முதல் வரி வழியாகத் தமிழில் பழங்குடியாக வந்து இறங்கியிருக்கிறது. ஒரு தடவை என்றால் விட்டிருப்பேன். போன வருடம் ஓர் உணவக அட்டையில் 'பழங்குடிக் கோழி வறுவல்' பார்த்தேன். ஒரு விதை விற்பனைத் தாளில் 'பழங்குடிக் கத்தரி'. இது மூன்றாவது.

முதலில் அந்தத் திராட்சையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லைவிட அது சுவையானது. பெயர் கிர்க். அவர்கள் எழுதும்போது உயிரெழுத்தே கிடையாது, மூன்றும் மெய். நம் வாய்க்கு ஓர் இகரம் இல்லாமல் அது நுழையாது. கோர்ச்சுலாவின் கிழக்கு முனையில் லும்பார்டாவின் மணற்பாங்கான வயல்கள்தான் அதன் வீடு. கிட்டத்தட்ட அந்த ஓர் ஊரோடு முடிந்துவிடுகிற ரகம். காரணம் அதன் பூ. பார்ப்பதற்கு மகரந்தத் தாள்கள் இருக்கும், ஆனால் வளைந்து கிடக்கும், அதன் தூளால் பயனில்லை. நடைமுறையில் பெண் பூ. ஆகவே வரிசைக்கு வரிசை நடுவே பிளாவத்ஸ் மாலி என்ற கருந்திராட்சையை நட்டு வைக்கிறார்கள், அதன் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால்தான் கிர்க் பிடிக்கும். ஆண் பப்பாளி ஒன்றாவது இருக்கட்டும் என்று நம்மூரில் விட்டு வைப்போமே, அது போல. மகரந்தம் எட்டாத மணிகள் விதையில்லாமல் மிளகு போலச் சிறுத்து நின்றுவிடும். அந்த அம்மாள் தூக்கிக் காட்டிய கொத்திலும் அப்படித்தான், பெரிதும் பொடியுமாகக் கலந்து தொங்கியது. இதிலிருந்து வெள்ளை ஒயின் செய்கிறார்கள். இனிப்பில்லாதது, கடைசியில் நாக்கில் ஒரு மெல்லிய கசப்பு நிற்கும் என்பார்கள்.

பெயருக்கு இரண்டு கதை. குரோவேஷிய மொழியில் 'கிர்க்' என்றால் கிரேக்கன். கசப்பு என்பதற்கும் அதே சொல். கிரேக்கர் கதைக்கு ஆதரவாக லும்பார்டாவில் கிடைத்த ஒரு கல்வெட்டைக் காட்டுவார்கள். கி.மு. நான்காம் அல்லது மூன்றாம் நூற்றாண்டில், விஸ் தீவிலிருந்து வந்து குடியேறிய கிரேக்கர்கள் நிலத்தைப் பங்கு பிரித்துக்கொண்ட உடன்படிக்கை அது. இப்போது சாக்ரெப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரேக்கனா கசப்பனா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தமிழில் பெயர்த்தால் 'யவனன்' என்று அழகாக வரும். ஆனாலும் பெயரைப் பெயர்க்கக் கூடாது.

சரி, சொல்லுக்கு வருவோம். குரோவேஷியர் சொல்லும் 'அவுத்தோஹ்தோன்' கிரேக்கத்திலிருந்து வந்தது. 'அவுதோஸ்' தான், 'க்தோன்' மண். தன் மண்ணிலேயே முளைத்தது. பழைய ஏதென்ஸ்காரர்கள் தாங்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் இல்லை, இந்த மண்ணிலிருந்தே எழுந்தவர்கள் என்று பெருமை அடித்துக்கொள்ள வைத்திருந்த சொல். பிறகு அது தாவரத்துக்கும் பாறைக்கும் திராட்சைக்கும் போனது. மூலம் இவ்வளவுதான்.

இப்போது பழங்குடி. பழமை, குடி. குடி என்றால் மக்கள் கூட்டம், குலம், குடும்பம். குடிமகன், குடிக்கணக்கு, வேளாண்குடி, எல்லாமே மனிதர்கள். தமிழில் உயர்திணை, அஃறிணை என்ற கோடு சும்மா பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் போட்டது அல்ல. ஆங்கிலச் சொல் மனிதனுக்கும் மாட்டுக்கும் மொழிக்கும் கொடிக்கும் ஒன்றாகவே பொருந்தும். தமிழ்ச் சொல் பொருந்தாது. 'அந்தக் கத்தரிச் செடி நல்ல குடும்பத்துப் பெண்' என்று எழுதினால் எவ்வளவு சிரிப்போமோ, அதே அளவு 'பழங்குடிக் கத்தரி'க்கும் சிரிக்க வேண்டும். அதற்கு மேல், பழங்குடி என்பது இன்று சட்டத்தில் உள்ள சொல், ஒரு பட்டியலில் உள்ள மக்களின் சொல். 'பழங்குடியினர் தேன்' என்று அங்காடியில் விற்றால் அந்த மக்கள் எடுத்த தேன் என்று புரிந்துகொள்கிறோம். பழங்குடித் திராட்சை என்றால் பழங்குடியினர் வளர்த்த திராட்சை. அக்கா மகள் அப்படித்தான் புரிந்துகொண்டாள். அவள் புரிதலில் பிழை இல்லை.

போகிற போக்கில் ஒன்று. பழம், குடி என்று பிரித்தாலும் புணர்ச்சியில் பழங்குடிதான் வரும். ஒயினைப் பற்றிய படத்தில் இதைப் போட்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவேளை பெரிய நகைச்சுவைக்காரராக இருக்கலாம். அப்படி நினைத்துத்தான் அன்று ஆறுதல் அடைந்தேன்.

இதை ஒரு நண்பரிடம் புலம்பினேன். "பூர்வீகத் திராட்சை என்று போடலாமே" என்றார். பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், கொஞ்சம் கம்பீரமாகவும் இருக்கிறது. ஆனால் 'பூர்வீகம்' யார் சொல்லும் சொல் என்று கவனித்திருக்கிறீர்களா? ஊரை விட்டுப் போனவன் சொல்வது. "எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்" என்பவர் மூன்று தலைமுறையாகச் சென்னையில் இருப்பார். திருநெல்வேலியிலேயே இருப்பவர் எதற்குப் பூர்வீகத்தை இழுக்கப் போகிறார், "எனக்கு இந்த ஊர்தான்" என்று முடித்துவிடுவார். பூர்வீகச் சொத்து, பூர்வீக வீடு என்பவை பாட்டன் விட்டுப் போனவை. பூர்வீகத் திராட்சை என்றால் அந்த அம்மாளுக்குத் தாத்தா எழுதி வைத்த தோட்டம் என்றுதான் என் காதில் விழுகிறது. இருக்கலாம், ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை.

தனித்தமிழ்ப் பற்றுள்ள இன்னொருவர் 'தன்னிலத் திராட்சை' என்றார். தான், மண் என்ற கிரேக்கக் கட்டுமானத்தை அப்படியே தமிழில் தூக்கி வைத்திருக்கிறார். உழைப்பைப் பாராட்டுகிறேன். ஆனால் நம்மூரில் ஒருவர் தன் நிலத்தில் விளைந்தது என்றால், குத்தகை நிலத்தில் விளைந்தது இல்லை என்று பொருள். சொல்லின் உறுப்புகளைப் பெயர்த்தால் சொல் வந்துவிடும் என்ற நம்பிக்கையை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. 'மண்மைந்தத் திராட்சை' என்றும் ஒன்று வைத்திருந்தார். தேநீர் வந்துவிட்டது, பேச்சை மாற்றினேன்.

'உள்ளூர்த் திராட்சை'யும் ஆகாது. பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஷார்டனேயை லும்பார்டாவில் நட்டாலும் அதுவும் உள்ளூர்ப் பழம்தான். 'பாரம்பரிய ரகம்' நெல்லுக்கு நன்றாக நிலைத்துவிட்டது, ஆனால் அது காலத்தைச் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. இலங்கையில் 'சுதேச' என்பார்கள், சுதேச வைத்தியம் போல. அங்கே அது வாழும் சொல், அங்கே எழுதுகிறவர் தாராளமாக எழுதட்டும். இங்கே சுதேசி என்றதும் 1906இல் வ.உ.சி. தொடங்கிய கப்பல் கம்பெனிதான் கண்முன் வரும்.

அப்புறம் எதுதான் சரி? சொல் சந்தையிலேயே கிடக்கிறது. போன மாதம் தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை நிறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் விதையில்லாதது இல்லையா என்று கேட்டேன். "இது நாட்டுப் பழம் கண்ணு, விதை இருக்கத்தான் செய்யும், துப்பிட்டுத் தின்னு" என்றார். நாட்டு. நாட்டுக்கோழி, நாட்டு மாடு, நாட்டுக் கத்தரி. எதிர்ப்பதங்களும் கையோடு இருக்கின்றன: ஒன்று சீமை, இன்னொன்று ஒட்டு. நாட்டுக் கருவேலம் என்றும் சீமைக் கருவேலம் என்றும் சொல்கிற கிராமத்துக்காரருக்கு எந்தத் தாவரவியல் கலைச்சொல்லும் தேவைப்படவில்லை, மண்ணுக்குரிய மரம் எது, வந்தேறி எது என்பதை ஒரே அடைமொழியில் பிரித்துவிட்டார்.

'நாடு என்றால் தேசம் ஆயிற்றே, இது ஒரு தீவின் ஒரு மூலையில் உள்ள ரகமாயிற்றே' என்று கேட்கலாம். நாடு தேசம் ஆனது பிற்பாடு. சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த ஒரு சிறு வட்டாரம். கொல்லிமலையில் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று இன்றைக்கும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. லும்பார்டா அளவுக்கு அளந்து தைத்த சட்டை போல இருக்கிறது இந்தச் சொல்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். நாட்டுத் தக்காளி என்கிறோம், தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்த அம்மா நாட்டுப் பழம் என்று நிறுத்துப் போட்ட பன்னீர் திராட்சையும் ஐரோப்பாவில் உருவான மஸ்கட் ஹாம்பர்க்தான். ஆக, 'நாட்டு' பிறந்த இடத்தைச் சொல்வதில்லை, வந்து ஊறி இந்த ஊர்ப்பொருள் ஆகிவிட்டதைத்தான் சொல்கிறது. உண்மைதான். ஆனால் திராட்சை விஷயத்தில் 'தன் மண்ணில் முளைத்தது' என்று மார்தட்டுகிறவர்கள் மட்டும் என்ன செய்கிறார்களாம்? கலிபோர்னியாக்காரர்கள் ஜின்ஃபண்டலைத் தங்கள் சொந்தத் திராட்சை என்று பல தலைமுறை கொண்டாடினார்கள். 2001இல் மரபணுச் சோதனையில் அது குரோவேஷியாவின் அட்ரியாட்டிக் கரையில் காஷ்தெல் என்ற இடத்துக் கொடிதான் என்று தெரிந்தது. அந்தக் கொடிக்கு அங்கே உள்ள பெயரை எழுதிக் காட்டி உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன், கிர்க்கே பரவாயில்லை என்று ஆகிவிடும். கிர்க்குக்கு மகரந்தம் கொடுக்கிற பிளாவத்ஸ் மாலி அந்தக் காஷ்தெல் கொடியின் பிள்ளைதான். கிர்க்கே கிரேக்கக் கப்பலில் வந்தது என்று அந்த ஊரார் சிலர் நம்புகிறார்கள், நம்பிக்கொண்டே அவுத்தோஹ்தோனா என்கிறார்கள். ஆக அவர்கள் சொல்லும் சொல்லும் நம் 'நாட்டு' போலத்தான் வேலை செய்கிறது.

ஆனால் இடறுகிற கல் ஒன்று இருக்கிறது. 'நாட்டு' திராட்சையோடு மட்டும்தான் நிற்க வேண்டும், ஒயினை நெருங்கவே கூடாது. நாட்டுச் சாராயம், நாட்டுச் சரக்கு என்று பழகிய காதில் 'நாட்டு ஒயின்' என்ன ஒலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஊறலும் பானையும் போலீஸ் வண்டியும் ஞாபகத்துக்கு வரும். 'நாட்டுத் திராட்சையில் செய்த ஒயின்' என்று ஒரு சொல் கூட்டி எழுதினால் போதும்.

அதே படத்தில் 'வெள்ளை ரசம்' என்றும் போட்டிருந்தார்கள். வேதாகமத் தமிழில் திராட்சரசம் நிலைத்த சொல், அந்த இடத்தில் அதற்கு ஓர் அழகு உண்டு. ஆனால் அதிலிருந்து திராட்சையை உருவிவிட்டு வெள்ளையை முன்னால் வைத்தால் சாதத்துக்கு ஊற்றிக்கொள்ளத் தோன்றுகிறது. யவனர் கொண்டுவந்த தேறல் புறநானூற்றிலேயே இருக்கிறதே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தேறு என்றால் தெளி. தேறல், வண்டல் அடங்கித் தெளிந்த மது. எனக்கும் ஆசைதான். ஆனால் இன்று தேறல் என்று எழுதினால் படிப்பவருக்குத் தேர்வில் தேறியதுதான் நினைவு வரும். ஒயின் என்றே இருக்கட்டும். வெள்ளை என்பதையும் ஆராய வேண்டாம், அது வைக்கோல் நிறத்தில்தான் இருக்கும். குரோவேஷியர் சிவப்பு ஒயினைக் 'கறுப்பு ஒயின்' என்கிறார்கள், நிறத்தில் யாரும் யோக்கியம் இல்லை.

முந்திரி பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். திராட்சை வடமொழி. தமிழில் அதற்குக் கொடிமுந்திரி என்ற பெயர் இருந்தது. மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சைதான், யாழ்ப்பாணத்தில் முந்திரிகை. நாமோ போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த கொட்டைக்கு அந்தப் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். 'நாட்டு முந்திரி' என்று எழுதித் தூய்மையைக் காப்பாற்றலாம், பாயசத்தில் போடுவார்கள். 'ரகம்' கூட அரபியிலிருந்து உருது வழியாக வந்ததுதான், அதையும் தொடப் போவதில்லை. 'இனம்' என்று மாற்றப் போய்த்தான் பாதிப் பேர் பழங்குடி இனத்தில் போய் விழுகிறார்கள்.

அடியெழுத்துக்கு இடம் குறைவு, நேரம் குறைவு, கூலி அதைவிடக் குறைவு என்பது எனக்கும் தெரியும், நானும் அந்த வேலை பார்த்தவன்தான். ஆனால் நாட்டு என்பது மூன்று எழுத்து, பழங்குடி ஐந்து எழுத்து. அந்த அம்மாள் கொத்தைத் தூக்கிப் பிடித்திருந்த நேரம் நாலு விநாடி இருக்கும். "இது எங்க ஊர் நாட்டுத் திராட்சை. பக்கத்தில் பிளாவத்ஸ் இல்லாவிட்டால் காய்க்காது" என்று அதற்குள் தாராளமாகப் போட்டிருக்கலாம்.