பாலிசித் தொகை மிச்சம், கைக்காசு காலி

மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம் கணக்கு பார்ப்பது என் வேலை. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காகிதத்தோடுதான் வருவார்கள்: காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய செட்டில்மெண்ட் கடிதம். போன மாதம் வந்தவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பிரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார். "சார், பாலிசித் தொகையில் பாதிகூடத் தொடவில்லை. அப்புறம் ஏன் இவ்வளவு நான் கட்டினேன்?"

அவருடைய பில்லை 100 என்று வைத்துக்கொள்வோம். பாலிசித் தொகை, அதாவது நிறுவனம் அதிகபட்சம் தரக்கூடியது, 250. கிடைத்தது 55.

ஓட்டை தொகையில் இல்லை, அறையில் இருந்தது. நாள் ஒன்றுக்கு அறை வாடகை இவ்வளவுதான் என்று பாலிசியில் ஒரு வரம்பு. அவர் எடுத்த அறைக்கு அதைப்போல இரண்டு மடங்கு வாடகை. வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்று நினைத்திருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அறையின் வகுப்பு உயர்ந்தால், பல மருத்துவமனைகளில் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் எல்லாமே கூடவே உயரும். அதனால் இப்படி வரம்பு வைத்திருக்கும் பல பாலிசிகளில் அவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். வாடகை 20, கிடைத்தது 10. மருத்துவர், அறுவை சார்ந்த கட்டணங்கள் 60, கிடைத்தது 30. மருந்து 15, அது முழுதாக வந்துவிட்டது. கையுறை, முகக்கவசம் வகையறா 5. அதில் சல்லிக்காசு வரவில்லை.

கடுப்பில் மனிதர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். "கவரேஜ் பத்தவில்லை" என்று யாரோ சொல்ல, ஒரு டாப்-அப் பாலிசி வாங்கிவிட்டார். அதன் தொடக்க வரம்பு 250. பில் அதைத் தாண்டினால்தான் அது கண்ணையே திறக்கும். இவருக்குப் பணம் போனதோ 100-க்குள்ளேயே. முழங்காலில் அடிபட்டவர் தோளில் கட்டுப் போட்ட கதை.

துணைக் காப்பீடு வீண் என்று சொல்ல வரவில்லை. எந்த இடைவெளிக்கு எது என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். டாப்-அப்பிலேயே இரண்டு வகை உண்டு. தொடக்க வரம்பு 10 என்று கொள்ளுங்கள். ஒரே வருடத்தில் 6, 5, 4 என மூன்று பில்கள் வருகின்றன. சாதாரண டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாக எடைபோடும். எதுவும் 10-ஐத் தொடவில்லை, ஆகவே ஒன்றும் வராது. சூப்பர் டாப்-அப் மூன்றையும் கூட்டி 15 என்று கணக்கிட்டு, 5 கொடுக்கும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம்.

இன்னொரு இடைவெளி பில்லிலேயே தெரியாது. ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாவிட்டால் வீட்டுச் செலவுக்கு யார் கொடுப்பார்கள்? மருத்துவக் காப்பீடு கொடுக்காது. இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் மருத்துவர் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். மேரியஸ் பர்னார்ட், தென்னாப்பிரிக்க இதய அறுவை மருத்துவர். 1967-இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்த குழுவில் இருந்தவர். நோயாளிகள் பிழைத்துக்கொள்கிறார்கள், ஆனால் பணத்தால் நொடிந்துபோகிறார்கள் என்று கண்டு, 1983-இல் கடும் நோய்க் காப்பீடு உருவாகக் காரணமானார். நோய் உறுதியானால் மொத்தமாக ஒரு தொகை. அதை வாடகைக்கோ கடனுக்கோ செலவழிக்கலாம், யாரும் பில் கேட்க மாட்டார்கள். ஆனால் பாலிசியில் எழுதியிருக்கும் வரையறைக்குள் நோய் வர வேண்டும். ஆரம்பநிலைப் புற்றுநோயைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. நோய் உறுதியான பிறகு குறிப்பிட்ட நாட்கள் உயிரோடிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பலவற்றில் உண்டு. விற்கிறவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நாள் கணக்கில் பணம் தரும் மருத்துவமனைப் பாலிசிகள் சிறு உதவிதான். காலையில் சேர்ந்து மாலையில் வீடு திரும்பும் சிகிச்சை என்றால் பெரும்பாலும் அதுவும் இல்லை.

சரி, நம் ஆளிடம் வருவோம். டாப்-அப்பைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள் அவகாசம் இருந்தது. கொடுத்துவிட்டார். பழைய பாலிசியைப் புதுப்பிக்கும்போது அறை வரம்பை நீக்கும் ரைடர் (பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் வசதி) சேர்ப்பது, கூடவே ஒரு சூப்பர் டாப்-அப் என்று முடிவானது. விண்ணப்பத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்கள்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறேன், அவ்வளவுதான். இதையுமா எழுதணும்?"

எத்தனை வருடமாக என்று கேட்டேன். ஏழு என்றார். அதையும் சேர்த்தே எழுதச் சொன்னேன்.