குவாண்டம்: ‘எவ்வளவு’ என்ற கேள்வியில் பிறந்த சொல்

பரமத்திவேலூரை அடுத்த பிலிக்கல்பாளையத்து வெல்ல ஏலத்தில், 30 கிலோ கொண்ட சிப்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசுகிறார்கள். ஒரு சிப்பம் எடுக்கலாம், நூறு சிப்பம் எடுக்கலாம். ஒன்றேகால் சிப்பம் என்ற கணக்கு அங்கே எழுவதில்லை. மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படிக்கும் நம் பகுதிப் பிள்ளைகள் குவாண்டம் என்ற சொல்லைப் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்வதைக் காணும்போதெல்லாம், இந்தச் சிப்பத்திலிருந்து பாடத்தைத் தொடங்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

குவாண்டம் இலத்தீன் சொல். ‘எவ்வளவு’ என்று கேட்கும் குவாண்டுஸ் என்ற சொல்லின் அஃறிணை வடிவம் அது. பன்மையில் குவாண்டா என்றாகும். இயற்பியலுக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, மருந்துச் சீட்டில் ‘தேவையான அளவு’ என்று குறிக்கவும் சட்டத்தில் கொடுக்க வேண்டிய தொகையைக் குறிக்கவும் அது பயன்பட்டது. சிறியது என்ற பொருளோ, துகள் என்ற பொருளோ அதற்கு இல்லை. தமிழ்ச் சொல் தேடுகிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

கொல்லுப்பட்டறை உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, இறுதியில் வெளுக்கிறது. சூடேறிய பொருள் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றலை வெளியிடும் என்பதைப் பழைய இயற்பியலால் சரியாகக் கணக்கிட முடியவில்லை. 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் அதற்கான சூத்திரத்தின் அடிப்படையை விளக்கினார். ஆற்றல் தொடர்ச்சியாகப் பங்கிடப்படாமல், அதிர்வெண்ணை ஒரு மாறிலியால் (இன்று பிளாங்க் மாறிலி எனப்படுவது) பெருக்கி வரும் அளவுகளாகவே பங்கிடப்படுகிறது என்று கொண்டால்தான் கணக்கு ஒத்துவந்தது. அந்த அளவை அவர் அப்போது ‘ஆற்றல் கூறு’ என்ற பொருள்படும் ஜெர்மன் சொல்லாலேயே குறித்தார். ஒளியே இத்தகைய அளவுகளால், அதாவது குவாண்டங்களால், ஆனது என்று துணிந்து எழுதியவர் 1905 இல் ஐன்ஸ்டைன். ‘ஒளிக்குவாண்டம்’ என்ற சொல்லாட்சி அவருடைய அந்தக் கட்டுரையில் வருகிறது.

இங்கேதான் சிப்பம் உவமையைத் திருத்திக்கொள்ள வேண்டும். வெல்லச் சிப்பத்தின் எடை வணிக வழக்கத்தால் அமைந்தது. சிப்பத்தைப் பிரித்து வெல்லத்தை உருண்டை உருண்டையாகவும் விற்கலாம். ஒளியின் சிப்பம் அப்படிப் பிரிவதில்லை. அதன் அளவும் நிறத்துக்கு நிறம் வேறுபடுகிறது. 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியின் ஒரு குவாண்டம் ஏறத்தாழ 1.8 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் கொண்டது. 400 நானோமீட்டர் ஊதா ஒளிக்கு அது 3.1. சோடியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்ற ஏறத்தாழ 2.3 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆகவே எவ்வளவு பளிச்சென்ற விளக்கை வைத்துச் சிவப்பொளியைப் பாய்ச்சினாலும் எலக்ட்ரான் வெளியேறாது; மங்கலான ஊதா ஒளி போதும். எத்தனை சிப்பம் வருகிறது என்பதைவிட, ஒவ்வொரு சிப்பமும் எவ்வளவு என்பதே முடிவு செய்கிறது. ‘எவ்வளவு’ என்ற அந்த இலத்தீன் கேள்வி இவ்விடத்தில் எத்தனை பொருத்தமாக நிற்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பே.

ஒளி எலக்ட்ரானை வெளியேற்றுவது பற்றிய ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை ஏற்கத் தயங்கிய அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன், பல ஆண்டுகள் சோதித்து அது அளவீட்டோடு பொருந்துவதை 1916 இல் வெளியிட்டார். அதே 1916 இல் நம் சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே நண்பர்களோடு ஒரு சங்கம் அமைத்து இதழும் நடத்தினார். பின்னாளில் கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் நடத்திய கலைக்கதிர் இதழ், அறிவியலைத் தமிழில் எழுதும் பழக்கத்தை இப்பகுதியில் வளர்த்தது. கொங்கு நாட்டில் கலைச்சொல் பற்றிப் பேசுவது புதிய வழக்கமன்று.

குவாண்டத்துக்கு முன்வைக்கப்பட்ட தமிழ்ச் சொற்களுள் ‘குவையம்’ ஒலியால் நெருங்கி வருகிறது. ஆனால் குவை என்றால் குவியல், அதில் வரையறுத்த அளவு என்ற கருத்து இல்லை. ‘கற்றை’ என்று சொன்னால் ஒளிக்கற்றையோடு குழம்பும். ‘துளிமம்’ ஓரளவு பொருந்தும். இலங்கைத் தமிழர் பாடநூல்களில் ஆளும் ‘சத்திச்சொட்டு’ இவற்றுள் சிறந்தது என்பது என் கருத்து. சொட்டுநீர்ப் பாசனம் பழகிய நம் தோட்டங்களில் எவரும் அறிவது, குழாய்க்குள் நீர் சொட்டுச் சொட்டாகக் கிடப்பதில்லை, விழும்போதே சொட்டாகிறது என்பது. பிளாங்க் முதலில் நினைத்ததும் கொடுக்கல் வாங்கலில் மட்டுமே ஆற்றல் இப்படிப் பிரிகிறது என்பதுதான். துறையின் பெயராகக் குவாண்டம் வேரூன்றிவிட்டது, அது இருக்கட்டும். அந்தத் துறை பேசும் பொருளைச் ‘சொட்டு’ என்று எழுதுவதில் தயக்கம் வேண்டியதில்லை. ஒளிக்குவாண்டத்தைக் குறிக்க 1926 இல் வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் பரப்பிய போட்டான் என்ற சொல்லுக்கு ‘ஒளியன்’ என்ற அழகிய சொல் ஏற்கெனவே வழங்குகிறது.

‘துகள்’ என்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். பழந்தமிழில் துகள் என்றால் புழுதி. குற்றம் என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘அலை, துகள் இருமைப்பண்பு’ என்று படிக்கும் மாணவர், ஒளியை ஒரு வேளை கடல் அலையாகவும் மறு வேளை புழுதித் தூளாகவும் கற்பனை செய்கிறார். இரண்டும் பிழை. 1923 இல் காம்ப்டன், எக்ஸ் கதிர் எலக்ட்ரான் மீது மோதி ஆற்றலையும், இயக்கத்தின் அளவான உந்தத்தையும் எண்ணிக் கொடுப்பதைக் காட்டினார். துகள் என்று அங்கே சொல்லப்படுவது அந்தக் கணக்கான கொடுக்கல் வாங்கலையே. மறுபுறம் 1924 இல் டி பிராய், பருப்பொருளுக்கும் அலைநீளம் உண்டென்றும், பிளாங்க் மாறிலியை உந்தத்தால் வகுத்தால் அது கிடைக்கும் என்றும் எழுதினார். 1927 இல் டேவிசனும் ஜெர்மரும் 54 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான்களை நிக்கல் படிகத்தில் செலுத்தி, ஏறத்தாழ 0.165 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலைக்கு உரிய சிதறலைக் கண்டார்கள். 30 கிலோ வெல்லச் சிப்பம் நொடிக்கு 1 மீட்டர் நகர்ந்தால் அதன் அலைநீளம் 2.2 × 10⁻³⁵ மீட்டர். அணுக்கருவின் அளவே 10⁻¹⁵ மீட்டர் என்கையில், இதை அளக்க எந்தக் கருவியாலும் இயலாது.

பாடநூல் ஆளும் ‘இருமை’ நல்ல சொல்தான். ‘இருமை வகைதெரிந்து’ என்னும் குறளில் அச்சொல் பிறப்பையும் வீட்டையும் குறிப்பதாகப் பரிமேலழகர் உரை கொள்கிறது. இரண்டையும் ஆராய்ந்து அறிய வேண்டும், ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. 1927 இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் சொன்னதும் இதற்கு நெருங்கியதே: இரண்டு துளைகளுள் ஒளி எந்தத் துளை வழியே சென்றது என்று காட்டும் ஏற்பாட்டில், அலைகள் கலப்பதால் உண்டாகும் குறுக்கீட்டு வரிகள் தோன்றா, வரிகளைக் காட்டும் ஏற்பாட்டில் வழி தெரியாது. ஆயினும் இருமை என்றால் இரண்டு பொருள்கள் என்று மாணவர் எண்ணிவிட இடமுண்டு. ஒரே பொருளின் இரண்டு இயல்புகள் என்பது வெளிப்படையாக விளங்க, ‘ஈரியல்பு’ என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன்.