மறியலால் (சிறையால்) வந்த பிள்ளையின் முதல் கிழமை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் முன்பு போதை என்றால் கசிப்பு என்கிற கள்ளச் சாராயமும் கஞ்சாவும்தான். இப்போது மனநலப் பிரிவில் என்னிடம் வரும் பெடியன்கள் குடு (ஹெரோயின்), ஐஸ் (மெதாம்பெட்டமின்), மாத்திரை என்று எல்லாவற்றையும் சொல்கிறார்கள். பலர் பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவில் தொடங்கியவர்கள்.

தாய்மார் அநேகமாகக் கேட்பது ஒன்றுதான்: "ஒரு கிழமை அறைக்குள்ள பூட்டி வச்சால் சரிவராதோ?" குடுவை நிறுத்தினால் 8 முதல் 12 மணித்தியாலத்துக்குள் கொட்டாவி, மூக்கால் வடிதல், வயிற்றோட்டம், உடம்பெல்லாம் முறிகிற நோவு என்று தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமை பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். பிள்ளை சாப்பிடுகிறான், சிரிக்கிறான், வீட்டுக்காரருக்கு நிம்மதி. எனக்குப் பயம் பிடிப்பது அப்போதுதான். ஆசை அப்படியே இருக்கும், ஆனால் பழைய அளவைத் தாங்கிய உடம்பு இப்போது இல்லை. மறியலிலோ புனர்வாழ்விலோ சில மாதம் இருந்துவிட்டு வந்தவன் கூட்டாளியோடு சேர்ந்து முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால், மூச்சு விடச் சொல்கிற மூளைப் பகுதியே படுத்துவிடும்.

அந்த நேரம் வீட்டில் நடப்பது என்ன தெரியுமா? "குறட்டை விட்டு நல்ல நித்திரை, எழுப்பாதேங்கோ" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். தட்டியும் எழும்பாமல், கரகரவென்று விட்டுவிட்டு மூச்சு வந்து, உதடு நீலம் பாரித்தால் அது நித்திரை இல்லை. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள், வாயில் தண்ணீரோ கோப்பியோ ஊற்ற வேண்டாம். என்ன பாவித்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், வைத்தியருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஐஸ் வேறு மாதிரி. நாட்கணக்கில் நித்திரை இல்லை, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், பேச்சில் மூர்க்கம். அதைப் பேய் என்று நூல் கட்டிவிட்டு இரண்டு மாதம் கழித்து வருபவர்களும் உண்டு. நூலைக் கட்டுங்கள், நான் தடுக்கவில்லை, ஆனால் அதே கிழமையே ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள். கசிப்பைத் தினமும் நிறையக் குடித்தவரை மட்டும் பூட்டி வைக்கவே கூடாது. சடுதியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பொலிசுக்குப் பயந்தும் ஊர்வாய்க்குப் பயந்தும் மறைத்து, கடைசியில் கலியாணம் கட்டி வைத்தால் திருந்துவான் என்று ஒரு பெண்பிள்ளையையும் இதற்குள் இழுத்துவிடும் குடும்பங்களைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. தானாக விரும்பி வந்து சிகிச்சை பெற, போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம்.

பிள்ளை மறியலால் வரும் திகதி தெரிந்தால், அதற்கு முன்பே மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு வந்து கதையுங்கள். முதல் கிழமை இரவில் யாருக்குப் பக்கத்தில் நித்திரை கொள்வான், காசு யார் கையில் இருக்கும், பழைய கூட்டாளி படலைக்கு வந்தால் யார் எழுந்து போய்ப் பேசுவது என்பதை அவன் வர முதலே பேசி முடித்துக்கொள்ளலாம்.