இடிச் சத்தத்துக்குள் புதைந்த வசனம்

பிணங்களின் உறுப்புகளைத் தைத்துச் செய்த உடலில் கை மட்டும் மெல்ல அசைகிறது. ‘உயிர் வந்துவிட்டது!’ என்று வெறிபிடித்தவன்போல் கத்துகிறான் ஹென்றி ஃபிராங்கன்ஸ்டைன். அடுத்து அவன் வாய் அசைகிறது. நம் காதில் விழுவதோ இடிச் சத்தம். யுனிவர்சல் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் வேல் இயக்கி 1931இல் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தைப் பல பத்தாண்டுகள் மக்கள் இப்படித்தான் பார்த்தார்கள். ‘கடவுளாக இருப்பது எப்படி என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது’ என்பதுதான் அங்கே இருந்த வசனம். 1934இல் ஹாலிவுட் தணிக்கை விதிகள் இறுகின. 1938 மறுவெளியீட்டில் வசனம் இல்லை.

வெட்டி எறியாமல் ஏன் இடியால் மூட வேண்டும்?

35 மி.மீ. ஃபிலிமில் படச் சட்டங்களின் ஓரமாக, மெல்லிய பட்டையாக ஒலி பதிந்திருக்கும். விளக்கொளி அதை ஊடுருவும். பட்டையின் அமைப்புக்கேற்ப ஒளி கூடிக் குறையும். ஒளிமின்கலம் அதை மின்சாரமாக்க, ஒலிபெருக்கி பேசும். ஆனால் படம் லென்ஸின் முன் நொடிக்கு 24 முறை நின்று நின்று நகர வேண்டும். ஒலி ஒரே சீராக ஓட வேண்டும், நின்றால் திக்கும். அதனால் ஒலி படிக்கும் பகுதியைச் சற்றுக் கீழே தள்ளி வைத்து, ஒலியையும் அதற்குரிய படத்துக்கு ஏறத்தாழ 20 சட்டங்கள் முன்னதாக அச்சிட்டார்கள். ஒரு சட்டத்தின் பக்கத்தில் இருப்பது, முக்கால் நொடிக்கு மேல் கழித்து வரப்போகும் படத்தின் ஒலி. வாய் திறக்கும் சட்டத்தில் கத்தரி வைத்தால் பேச்சின் தொடக்கம் தப்பிவிடும். வெட்டுக்குப் பின் வருகிற சொல் பலியாகும்.

ஸ்டுடியோவில் பட நெகட்டிவும் ஒலி நெகட்டிவும் தனித்தனி. படத்தைத் தொடாமலே ஒலியை மாற்றலாம். கதையில் வெளியே புயல் வேறு. கூடுதலாக ஓர் இடி யாரை உறுத்தப்போகிறது? தணிக்கை வேலையில் இவ்வளவு நயம் அபூர்வம்.

ஏரிக்கரைக் காட்சியில் அந்த நயமெல்லாம் இல்லை. சிறுமி மரியாவும், ஹென்றி உயிர்கொடுத்த அந்த அரக்கனும் தண்ணீரில் பூக்களை எறிந்து மிதக்கவிடுகிறார்கள். பூ தீர்ந்துவிடுகிறது. வெறுங்கையைப் பார்த்த அரக்கன் மரியாவை நோக்கிக் கை நீட்டுகிறான். அங்கே வெட்டு. பிறகு நாம் காண்பது, மகளின் உடலைச் சுமந்து ஊருக்குள் வரும் தகப்பனை. இடையில் என்ன நடந்திருக்கும் என்று பார்வையாளர் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்; அந்தக் கற்பனை படமாக்கப்பட்டதைவிடப் பல மடங்கு கொடியது. என்னைக் கேட்டால், படத்தின் மிக அசிங்கமான இடத்தை உண்டாக்கியதே அந்தக் கத்தரிதான்.

வெட்டுப்பட்ட துண்டு 1980களில் பிரிட்டனின் தேசியத் திரைப்படக் காப்பகத்திலிருந்து கிடைத்தது. வசனம் மீண்டது இசைத்தட்டிலிருந்து. ஃபிலிம் ஒலிக்கு மாறாத அரங்குகளுக்காக, ரீல் ஒன்றுக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில், அக்கால ஸ்டுடியோக்கள் படத்தின் ஒலியைப் பெரிய தட்டுகளிலும் பதிந்து அனுப்பின. காலாவதியாகிக்கொண்டிருந்த அந்தத் தட்டில் இடி விழவில்லை.

இன்று கிடைக்கும் பிரதியில் ஏரிக்கரை முழுமையாக இருக்கிறது. அரக்கன் மரியாவைத் தூக்கி எறிகிறான். அவளும் பூவைப்போல மிதப்பாள் என்று எண்ணியிருக்கிறான். அவள் மூழ்குகிறாள். அவன் திகைத்துப்போய், நடுங்கும் கைகளோடு தள்ளாடிப் புதருக்குள் ஓடுகிறான்.