சொந்தமா காஸ் செக் செய்ய வெளிக்கிட முதல், கார்ட்டில கிடக்கிற கொம்பனிப் பேரைப் பாருங்கோ

எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன், நாலு வருசம் ஒரு கொம்பனியில போயிலர் வேலை செய்தவன். வெள்ளிக்கிழமை வேலையை விட்டிட்டு திங்கக்கிழமை லண்டன் ஈஸ்ற்ஹாமில தன்ர மாமா வாடகைக்குக் குடுத்திருக்கிற வீட்டுக்கு காஸ் செக் செய்து சேர்ட்டிபிகேட்டும் எழுதிக் குடுத்திட்டான். காஸ் வேலைக்கான ஏசிஎஸ் சோதினை பாஸ், காஸ் வேலைக்காரரைப் பதியிற காஸ் சேஃப்பின்ர கார்ட் இருக்கு, அதில அவன்ர படம் இருக்கு, திகதியும் முடியேல்ல. வீட்டைப் பாக்கிற வாடகை ஏஜென்ற் சேர்ட்டிபிகேட்டில இருந்த காஸ் சேஃப் நம்பரை நெட்டில அடிச்சுப் பாத்தா பழைய கொம்பனிப் பேர் வருது, அங்க ஃபோன் அடிச்சா அவர் இப்ப எங்களோட இல்லை, இந்த வேலையும் எங்கட இல்லை எண்டு சொல்லிட்டினம். அண்டைக்குப் பின்னேரம் எங்கட குசினி மேசையில வந்து இருந்துகொண்டு கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறான், "அண்ணை, ஏசிஎஸ் என்ர சொந்தக் காசில தானே பாஸ் பண்ணினனான்?"

உண்மைதான், ஏசிஎஸ் உங்கட. 5 வருசத்துக்கு உங்கட. ஆனா ரெஜிஸ்ட்ரேசன் பிஸ்னஸின்ர பேரில. உங்கட கார்ட் அந்த பிஸ்னஸுக்குக் கீழ உங்களைப் போட்டதால வந்தது, அங்க இருந்து வெளிக்கிட்டா அந்தக் கார்ட்டால ஒரு பிரயோசனமும் இல்லை. தனி ஆளா செய்யிறதெண்டாலும் உங்கட பேரில ஒரு பிஸ்னஸா பதிஞ்சு, புது நம்பர் கைக்கு வந்தபிறகுதான் ஒரு நட்டைக் கழட்டலாம். இடையில ஒரு நாள் காசுக்கு காஸ் வேலை செய்தாலும் அது குற்றம், கோட்டுக்குப் போற விசயம். இதை கோர்ஸ் நடத்துறவை ஏன் முதல் நாளே சொல்லுறேல்ல எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல.

அதால வேலையை விட முதலே அப்ளை பண்ணுங்கோ. ஒரே நேரத்தில ரெண்டு பிஸ்னஸுக்குக் கீழ இருக்கலாம், அதில தடையில்லை, ஆனா அந்தந்த வேலைக்கு அந்தந்த நம்பர்தான் எழுதவேணும். உங்கட வேலைக் கொன்ராக்ட்டில வெளி வேலை செய்யக்கூடாது எண்டு இருக்கோ எண்டும் ஒருக்கா பாருங்கோ.

சட்டத்தைச் சுருக்கமா சொல்லுறன். 1998ம் ஆண்டு காஸ் சேஃப்டி சட்டப்படி வீட்டை வாடகைக்குக் குடுக்கிறவர் தன்ர காஸ் சாமான்களையும் புகைக்குழாயையும் வருசா வருசம் செக் பண்ணவேணும், 28 நாளுக்குள்ள குடியிருக்கிறவைக்கு கொப்பி குடுக்கவேணும், புதுசா வாறவைக்கு குடிவர முதலே குடுக்கவேணும். பதிவு நடத்தினது 2009 ஏப்ரல் மட்டும் கோர்கி, பிறகு காஸ் சேஃப், ஆனா இந்தச் சேர்ட்டிபிகேட்டை எல்லாரும் இன்னும் கோர்கி காலத்துப் பேரில சிபி 12 எண்டுதான் கேப்பினம். அவ்வளவுதான்.

இனி ஆக்கள் மாட்டுப்படுற இடங்களுக்கு வாறன். முதலாவது கார்ட்டின்ர பின்பக்கம், எந்தெந்தச் சாமானைப் பாக்க உங்களுக்குத் தகுதி இருக்கு எண்டு அதிலதான் இருக்கும். சிசிஎன்1, சென்வாட் ரெண்டும் இருந்தா போயிலர் பாக்கலாம், ஆனா குக்கருக்கு சிகேஆர்1 வேணும், காஸ் ஃபயருக்கு எச்ரிஆர்1 வேணும். கனபேரிட்ட கடைசியாச் சொன்னது இல்லை. வீட்டுக்குள்ள போனபிறகு சுவரில பழைய ஃபயர் ஒண்டு நிக்கும், வீட்டுக்காரர் "அது பாவிக்கிறேல்ல தம்பி, விடுங்கோ" எண்டுவார். விடாதேங்கோ. கனெக்சன் இருந்தா அது காஸ் சாமான்தான், அதைப் பாக்கிற தகுதி உள்ள ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கோ. புக்கிங் எடுக்கேக்கையே என்னென்ன இருக்கு எண்டு கேட்டுடுங்கோ, வீணா பஸ்லேனில ஃபைன் வாங்கிக்கொண்டு திரியத் தேவையில்லை.

ஃப்ளாட் எண்டா சீலிங்கை நிமிந்து பாருங்கோ. நான் தனிய வெளிக்கிட்ட முதல் மாசம், ஹாரோ பக்கம் ஒரு ஃப்ளாட், போயிலர் கொரிடோர் கபேட்டுக்குள்ள, புகைக்குழாய் மேல ஏறி சீலிங்குக்குள்ள போய் எங்கயோ பல்கணிப் பக்கம் வெளியில வருது, நடுவில பாக்கிறதுக்கு ஒரு மூடி கூட இல்லை. 2013 தொடக்கம் பாக்க முடியாத புகைக்குழாயை அட் ரிஸ்க், அதாவது ஆபத்து வரக்கூடும், எண்டுதான் எழுதவேணும். பேப்பரைக் குடுத்தவுடன ஏஜென்ற் ஃபோனில கத்தின கத்து, "போன வருசம் வந்தவர் பாஸ் பண்ணினவர்தானே" எண்டு. போன வருசம் வந்தவர் சீலிங்கால பாத்தாரோ தெரியாது. கையெழுத்து என்ர, கோட்டுக்குப் போனா நிக்கிறது நான், அந்த ஏஜென்ற் இல்லை. அதைவிட மோசமா, உடனடி ஆபத்து எண்டு எழுதி, காஸை நிப்பாட்ட வீட்டில இருக்கிறவை விடாட்டி காஸ் எமர்ஜென்சி நம்பர் 0800 111 999க்கு அடிச்சிட்டுத்தான் வெளியில வரவேணும்.

குடியிருக்கிறவை கதவு திறக்காட்டி கதவடியில நிண்டு நேரத்தோட ஒரு படம் எடுத்து, வந்தனான் எண்டு ஒரு துண்டு போட்டிட்டு, ஏஜென்றுக்கு மெயில் அடியுங்கோ. மூண்டு தரம் முயற்சி செய்ததுக்கு வீட்டுக்காரரிட்ட பதிவு இருக்கவேணும், அது அவருக்குத் தேவை, உங்களுக்கு அந்த வெறும் பயணத்துக்கு காசு கேக்கத் தேவை. எல்லாச் செக்கும் கடைசிக் கிழமையில வந்து குவியிறதுக்கும் ஒரு வழி இருக்கு. 2018 தொடக்கம், போன செக் செய்து 10 மாசம் முடிஞ்சு 12 மாசம் ஆகிறதுக்கு இடையில எப்ப செய்தாலும் பழைய முடிவுத் திகதி அப்பிடியே இருக்கும், முந்திச் செய்தா நாள் குறையும் எண்டு வீட்டுக்காரர் பயப்பிடத் தேவையில்லை. இது கனபேருக்குத் தெரியாது, சொல்லிப் பாருங்கோ, உங்கட டயரி சும்மா நிக்கிற மாசத்தில வேலை வரும்.

வரிக் கந்தோர் இன்னொரு கதை. நெட்டில அரசாங்கத்தின்ர கேட்வே ஐடி எடுத்தவுடன பதிஞ்சாச்சு எண்டு நினைக்கிற ஆக்கள் நிறைய, அது வெறும் லொகின், செல்ஃப் அசெஸ்மென்ற்றுக்கு, அதாவது உங்கட வரிக்கணக்கை நீங்களே குடுக்கிறதுக்கு, வேறயா பதியவேணும், பதிஞ்சாத்தான் யூடிஆர் எண்ட வரி நம்பர் வரும். ஃபோன் அடிச்சுக் கேக்கலாம் எண்டா, லைனில போடுற பாட்டைக் கேட்டுக்கொண்டே போயிலர் ஒண்டை சேர்விஸ் பண்ணி முடிச்சிடலாம். 2025 யூனில தொடங்கினா 2026 ஒக்ரோபர் 5க்கு முதல் பதியவேணும், 2027 ஜனவரி 31க்கு முதல் கணக்கும் காசும். அண்டைக்குத்தான் கனபேருக்கு நெஞ்சு அடைக்கிறது: பில் 3,000 பவுண் எண்டா 3,000 கட்டினாக் காணாது, அடுத்த வருசத்துக்கு முற்பணமா இன்னும் 1,500 சேத்து 4,500 கட்டவேணும், யூலை 31க்கு திரும்ப 1,500. ஒவ்வொரு இன்வொய்ஸிலயும் கால்வாசியை வேற எக்கவுண்டில போட்டிட்டு அதை மறந்திடுங்கோ. வேற கொன்ராக்டருக்குக் கீழ போயிலர் பூட்டுற வேலையும் செய்தா கட்டிட வேலைக்காரருக்கான சிஐஎஸ் வரித் திட்டத்திலயும் பதியுங்கோ, பதிஞ்சா கொன்ராக்டர் உங்கட காசில 20 வீதம் வரிக்கு வெட்டுவார், பதியாட்டி 30.

ஏஜென்ற்மார் சேர்ட்டிபிகேட்டை அண்டைக்கே கேப்பினம், காசை ரெண்டு மாசத்தில தருவினம். இன்வொய்ஸில ஆர் காசு கட்டவேணும் எண்டு, ஏஜென்றோ வீட்டுக்காரரோ, முதலே தெளிவா எழுதுங்கோ, இல்லாட்டி ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொண்டு இருப்பினம். பிஸ்னஸுக்கு பிஸ்னஸ் கடன் பிந்தினா 1,000 பவுணுக்குக் குறைஞ்ச பில்லுக்கு 40 பவுணும், அதோட பாங்க் ஒஃப் இங்லண்ட் வீதத்துக்கு மேல 8 வீத வட்டியும் கேக்க சட்டத்தில இடமிருக்கு. நான் ஒருக்கா அந்த 40ஐ இன்வொய்ஸில எழுதி அனுப்பினன், ரெண்டு நாளில காசு வந்திட்டுது, 40 இல்லாம.

பெடியன்ர கதை பெரிசாப் போகேல்ல. மாமா வேற ஒருத்தரைக் கூப்பிட்டு திரும்ப செக் பண்ணுவிச்சார், அந்தக் காசை இவன் குடுத்தான், புது நம்பர் வரும்வரைக்கும் ஒரு ஸ்பனரைக் கூடத் தொடாம வீட்டில இருந்தான். பழைய கொம்பனியின்ர சேர்ட்டிபிகேட் புத்தகம் அதுவரைக்கும் வானுக்குள்ளதான் கிடந்தது. உங்களிட்டயும் அப்பிடி ஒண்டு கிடந்தா வேலையை விடுற அண்டைக்கே திருப்பிக் குடுத்திட்டு, குடுத்ததுக்கு ஒரு மெயில் வாங்கி வைச்சுக்கொள்ளுங்கோ.