சொல் விளக்கம்: பர்லெஸ்க்

எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் ‘பர்லெஸ்கியூ’ என்று தடுக்கி விழும் சொல் இது. கடைசி எழுத்துகளுக்கு ஒலி கிடையாது. பர்லெஸ்க் என்பதே சரி. பாட்டுக்கு ஆடியபடி ஆடையை ஒவ்வொன்றாகக் களைந்து, கேலியும் கலந்து அரங்கைச் சிரிக்கவைக்கும் மேடைக்கலைக்கு இன்று இதுதான் பெயர். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்கு அதைக் கொடுத்தது இத்தாலி. இத்தாலிய மொழியில் ‘புர்லா’ என்றால் கேலி, கிண்டல். ‘புர்லெஸ்கோ’ என்றால் கேலியாகச் செய்தது. ஆக, வேர்ச்சொல்லில் ஆடையும் இல்லை, நடனமும் இல்லை. கிண்டல் மட்டுமே இருக்கிறது. இன்று இக்கலையைக் கற்பவர்கள் மேடையில் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம், இந்த வேரை மறந்துவிடுவதுதான்.

முதலில் இது ஓர் இலக்கிய வகையின் பெயர். பெரிய விஷயத்தை மட்டமான நடையில் பாடுவது, அற்ப விஷயத்தைக் காவிய நடையில் பாடுவது என இரண்டும் பர்லெஸ்க் எனப்பட்டன. 1648-இல் பால் ஸ்காரோன் என்ற பிரெஞ்சுக் கவிஞர், பண்டைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவிய நாயகர்களைத் தெருப்பேச்சு பேசவைத்து ஒரு நூலை வெளியிடத் தொடங்கினார். 19-ஆம் நூற்றாண்டு லண்டன் நாடகக் கொட்டகைகளில் இதே வேலை பாட்டும் ஆட்டமுமாக நடந்தது. 1868-இல் லிடியா தாம்சன் என்ற ஆங்கில நடிகை தன் குழுவுடன் நியூயார்க்கில் இறங்கினார். கிரேக்கப் புராணக் கிண்டல் நாடகத்தில் பெண்களே ஆண்வேடம் கட்டி, கால்வடிவம் தெரியும் இறுக்கமான உடையில் வந்து வசனம் பேசியது ஊரையே பேசவைத்தது. கிண்டலோடு உடலும் மேடைக்கு வந்தது அந்தத் திருப்பத்தில்தான். பிறகு அமெரிக்காவில் கோமாளி வசனமும் ஆடை களையும் ஆட்டமும் ஒரே நிகழ்ச்சியில் இடம்பெற்றன. மெல்ல மெல்ல ஆட்டம் கோமாளியை ஓரம்கட்டியது. 1937-இல் நியூயார்க் நகரம் இந்தக் கொட்டகைகளின் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்தது. விளம்பரப் பலகையில் ‘பர்லெஸ்க்’ என்ற சொல்லே வரக்கூடாது என்ற அளவுக்குப் போனது. 1990-களில் இதை மீட்டெடுத்தவர்கள் கேலியையும் சேர்த்தே மீட்டார்கள்.

தமிழில் என்ன சொல்வது? ‘கவர்ச்சி நடனம்’ என்பது பத்திரிகைச் சொல். பார்ப்பவர் கண்ணை மட்டும் சொல்கிறது, ஆடுபவர் செய்வதைச் சொல்லவில்லை. ‘காபரே’ வேறு: மேசை போட்டு, குடித்துக்கொண்டே நிகழ்ச்சி பார்க்கும் இடமும் அங்கு நடக்கும் நிகழ்ச்சியும் அது. ‘கேலிக்கூத்து’ பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் அதை அரசியல் அறிக்கைகள் தேய்த்துவிட்டன. ‘எள்ளல்’ பழைய, நல்ல சொல். நகை பிறக்கும் நான்கு களங்களில் அதையே முதலில் வைக்கிறது தொல்காப்பியம். இருந்தாலும் மேடைக்கு அது சற்று விறைப்பு. ‘பகடி’ உயிரோடு இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வது பகடிதான். எனவே இலக்கிய வகைக்குப் பகடி, மேடை வகைக்குப் பகடியாட்டம் என்பது எங்கள் பரிந்துரை. ஆடுபவர் பகடியாட்டக் கலைஞர். ‘ஆட்டக்காரி’ வேண்டாம், ‘கூத்தாடி’ என்ற சொல்லை வசையாக்கிவிட்ட ஊர் நம்முடையது.

இக்கலையில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு சொல் ‘டீஸ்’. சீண்டல் என்று மொழிபெயர்ப்பார்கள். அதைவிடப் பொருத்தமாக நம்மிடம் ‘போக்குக் காட்டுதல்’ இருக்கிறது: கொடுப்பதுபோல் கை நீட்டி, கொடுக்காமல் இழுப்பது. 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சாலி ராண்ட் இரண்டு பெரிய தீக்கோழி இறகு விசிறிகளை மாற்றி மாற்றி வைத்து ஆடியது முழுக்கப் போக்குக் காட்டல்தான். அமெரிக்க பர்லெஸ்க் நட்சத்திரம் ஜிப்சி ரோஸ் லீ மேடையில் களைந்தது கொஞ்சம், பேசிச் சிரிக்க வைத்தது அதிகம்.

‘ஸ்டேஜ் பிரசன்ஸ்’ என்பதை ‘மேடை இருப்பு’ என்று எழுதினால் கடை சரக்குக் கணக்குபோல ஒலிக்கிறது. திருக்குறளில் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன: 72 அவையறிதல், 73 அவையஞ்சாமை. வள்ளுவர் சொல்வது கற்றோர் அவையில் பேசுவதைப் பற்றி என்றாலும், அந்த வரிசை நம் ஆட்டத்துக்கும் பொருந்தும். முதலில் அவையை அறியவேண்டும். அச்சம் பிறகுதான் விலகும். தன்னம்பிக்கையை வீட்டுக் கண்ணாடி முன் வளர்த்துக்கொண்டு மேடைக்கு வருபவர்கள் முதல் நிமிடத்திலேயே அதைத் தொலைக்கிறார்கள். கண்ணாடி திருப்பிச் சிரிக்காது, விசிலும் அடிக்காது.

அச்சத்தின் முதல் அடையாளம் வேகம். பதற்றத்தில் பாட்டு மெதுவாக ஓடுவதுபோல் தோன்றும். ஆடுபவர் தாளத்துக்கு முன்னால் ஓடிவிடுவார். நான்கு நிமிடப் பாட்டில் களையவேண்டியதெல்லாம் இரண்டரை நிமிடத்தில் முடிந்து, மீதி நேரம் கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கும் ஆட்டங்கள் ஏராளம். மாற்று எளிது. மேடைக்குப் போகுமுன் நான்கு எண்ணிக்கை மூச்சை இழுத்து, எட்டு எண்ணிக்கை வெளியே விடவும். ஐந்தாறு முறை போதும். உள்ளே போனதும் நான்கு தாளம் அசையாமல் நின்று அரங்கைப் பார்க்கவும். நான்கு நிமிடத்துக்கு மூன்று பொருள் போதும்: கையுறை, பாவாடை, மேற்கச்சு. ஏழு பொருள் வைத்தால் அது அவசரமாகத் துணி மாற்றுவதாகிவிடும்.

கையுறையை எடுத்துப் பார்ப்போம். மேடைப் பாடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. முழங்கைக்கு மேல் வரும் சாட்டின் கையுறை, ஒரு கைக்கு 32 தாளம், அதாவது நான்கு எட்டு. நிமிடத்துக்கு 96 தாளமுள்ள பாட்டில் சரியாக 20 நொடி. முதல் எட்டில் கையை நீட்டி, மணிக்கட்டைச் சுழற்றி, கையுறை இருப்பதையே அரங்குக்குச் சொல்லவேண்டும். இரண்டாம் எட்டில் சுண்டுவிரலில் தொடங்கி நான்கு விரல் நுனிகளையும் இரண்டிரண்டு தாளமாக அரை அங்குலம் இழுத்துத் தளர்த்தவேண்டும். மூன்றாம் எட்டின் தொடக்கத்தில் கட்டைவிரல்; இதை மறப்பவர்களே அதிகம், கையுறை சிக்குவதும் அங்கேதான். அதன்பின் மேல்விளிம்பை மணிக்கட்டுவரை இறக்கி, நான்காம் எட்டில் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. விரல்களைத் தளர்த்தாமல் மேலிருந்து உருவினால் துணி உள்வெளியாகப் புரண்டு மணிக்கட்டில் வளையமாக இறுகும். வியர்த்த கையில் இன்னும் மோசம். உள்ளே கொஞ்சம் முகப்பவுடர் போட்டுக்கொள்ளலாம், மோதிரத்தைக் கழற்றிவிடவேண்டும். உருவிய கையுறையை எங்கே போடுவது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கவேண்டும். குதிகால் செருப்பு சாட்டின்மேல் பட்டால் வழுக்கும். ஆகவே ஓரமாக வீசவேண்டும். விழுந்ததைப் பொறுக்க வருபவரை அங்கே ‘ஸ்டேஜ் கிட்டன்’, மேடைப் பூனைக்குட்டி என்பார்கள். நம் ஊரில் எடுபிடி.

கண்ணின் வேலை தனி. கை போன இடத்துக்குக் கண் போகவேண்டும் என்பது பரதநாட்டிய வகுப்பின் பால பாடம். பகடியாட்டத்தில் பெரும்பாலும் நேர்மாறு: கை கொக்கியைத் தேடும்போது கண் அரங்கில் இருக்கவேண்டும். முதலில் அரங்கைப் பார், பிறகு பொருளைப் பார், மீண்டும் அரங்கைப் பார். அந்த மூன்றாவது பார்வையில்தான் ‘எடுக்கட்டுமா?’ என்ற கேள்வியும் கேலியும் இருக்கின்றன. விளக்கு முகத்தில் அடித்தால் யாரும் தெரியமாட்டார்கள். அதனால் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என மூன்று புள்ளிகளை ஒத்திகையிலேயே குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு தாளம் தங்கவேண்டும். கண்கள் அலைந்தால் பயம் தெரிந்துவிடும்.

கண் அரங்கில் நிற்க, உடை ஒத்துழைக்கவேண்டும். முதுகில் சிறு கொக்கி இருந்தால் பெரிய கொக்கியாகத் தைத்து மாற்றவும். பிரஸ் பட்டன் சட்டென்று திறக்கும், ஆனால் குனிந்தாலும் திறக்கும். வெல்க்ரோ வைத்தால் அமைதியான இடத்தில் ‘பர்ர்’ என்று காட்டிக்கொடுக்கும். ஜிப்பின் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழுக்கி ஓடும். இடுப்பை இறுக்கிப் பிடிக்கும், முன்பக்கம் இரும்புப் பட்டையால் பூட்டும் கார்செட்டை நடுங்கும் கை வெளிப்பக்கம் இழுக்கும். அப்படி இழுத்தால் அது திறக்கவே திறக்காது. இரு பக்கத்தையும் முதலில் உள்நோக்கி நெருக்கினால்தான் குமிழ் ஓட்டையிலிருந்து நழுவும். பின்கயிற்றை இரண்டு அங்குலம் தளர்த்தி வைத்திருந்தால் இன்னும் சுலபம். ஒத்திகையை அதே உடை, அதே செருப்பில், உடல் வியர்த்தபின் செய்து பார்க்கவேண்டும். உலர்ந்த உடம்பில் செய்த ஒத்திகை பாதி ஒத்திகை.

இத்தனைக்குப் பிறகும் கொக்கி மாட்டிக்கொள்ளும். அப்போது முதுகைத் திருப்பி ரகசியமாகப் போராடக் கூடாது. அரங்கைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தி, நிறுத்தி, கொக்கியைச் சுட்டிக்காட்டி, எடுபிடியைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லலாம். அரங்கு சிரிக்கும். இத்தாலியர்கள் புர்லா என்றது அந்தச் சிரிப்பைத்தான்.