முலாம் உரிவதற்குத் தேய்ப்பு மட்டுமே காரணம் அன்று

கும்பகோணம், நாச்சியார்கோவில் வட்டாரத்திலிருந்து நிக்கல் முலாம் உரிந்த குத்துவிளக்குகள் சோதனைக்கு வருவது நின்றபாடில்லை. அண்மையில் வந்த ஒன்றில், உச்சியில் இருக்கும் அன்னத்தின் அலகிலும் ஐந்து முகங்களின் விளிம்பிலும் மட்டும் முலாம் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. தண்டும் அடித்தட்டும் மாசு மறுவின்றி இருந்தன. பித்தளை மட்டம், தேய்ப்பு போதவில்லை என்று வார்ப்புக்காரரைக் குறை சொல்லியே விளக்கை அனுப்பியிருந்தார்கள்.

தேய்ப்பும் எண்ணெய் நீக்கலும் சரியில்லை என்றால் முலாம் உரியும் என்பது உண்மைதான். ஆனால் பாலிஷ் மெழுகு தங்குவது பள்ளங்களிலும் இடுக்குகளிலும். அங்கெல்லாம் கெட்டியாக ஒட்டியிருக்கும் முலாம், நன்றாகத் துடைக்கக்கூடிய கூர்முனையில் மட்டும் உரிகிறது என்றால், கரைசலில் மின்னோட்டம் செலுத்தி முலாம் ஏற்றியபோது அந்த முனையில் மின்னோட்டம் குவிந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

படியும் நிக்கல் வளரும்போதே தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது. அடியில் இருக்கும் பித்தளை அதற்கு இடம் கொடுப்பதில்லை. அதனால் முலாமுக்குள் இழுவிசைத் தகைவு, அதாவது ஒரு குறிப்பிட்ட பரப்பில் தங்கும் உள் இழுப்பு, தேங்குகிறது. மெல்லிய எஃகுத் தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் நிக்கல் படியவைத்தால் தகடு வளைவதை ஸ்டோனி 1909-இலேயே அளந்து, அந்த வளைவிலிருந்து தகைவைக் கணக்கிடும் வழியையும் சொல்லிவிட்டார். நிக்கல் முலாமுக்கு வழக்கமாகப் பயன்படும் வாட்ஸ் கரைசலை ஒழுங்காகப் பராமரித்தாலும் இந்தத் தகைவு ஏறத்தாழ 125 முதல் 185 மெகாபாஸ்கல் வரை இருக்கும். 10 மைக்ரான் முலாமில் 150 மெகாபாஸ்கல் என்றால், விளிம்பின் ஒவ்வொரு மீட்டருக்கும் 1500 நியூட்டன் இழுப்பு.

தொட்டிக்கு நேர்மின்னோட்டம் தரும் ரெக்டிஃபயரில் வோல்ட்டைக் கூட்டினால் முலாம் விரைவாகவும் உறுதியாகவும் ஏறும் என்ற நம்பிக்கையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எவ்வளவு நிக்கல் படியும் என்பதை முடிவு செய்வது மின்னோட்டமும் நேரமும் சேர்ந்த பெருக்கமே. பாதி மின்னோட்டத்தை இரு மடங்கு நேரம் விட்டாலும் ஏறக்குறைய அதே தடிமன்தான் கிடைக்கும். மீட்டர் காட்டும் வோல்ட்டில் பெரும்பகுதி கரைசலைக் கடக்கவும் நேர்மின்வாயிலுமே செலவாகிறது. விளக்கின் மேற்பரப்பு என்ன மின்னழுத்தத்தில் நிற்கிறது என்பதை அந்த முள் சொல்லாது. வோல்ட்டைத் தேவைக்கு மேல் ஏற்றினால், கூர்முனைகளில் நிக்கல் படிவதோடு ஹைட்ரஜனும் வெளியேறி, அந்த இடத்துக் கரைசலின் அமிலத்தன்மை குறைந்து, நிக்கல் ஹைட்ராக்சைடு முலாமுக்குள் சிக்கிக்கொள்கிறது. தகைவு ஏறுவதும், முலாம் மொறுமொறுப்பாகி வெடிப்பதும் அதன் பிறகுதான். மின்னோட்டத்தை ஆம்பியரில் மட்டும் பார்க்காமல், விளக்கின் பரப்பளவால் வகுத்துப் பாருங்கள்.

அன்னத்தின் அலகுக்கு அருகே ஒரு செம்புக் கம்பியை வைத்து, அதையும் விளக்கோடு சேர்த்து எதிர்மின்முனையில் இணையுங்கள். குவியும் மின்னோட்டத்தை அது பங்கிட்டுக்கொள்ளும். ஆவியாகிக் குறைந்த தொட்டியைப் போர்த் தண்ணீரால் நிரப்பாதீர்கள். நாகப்பட்டினம் பக்கத்து உப்புநீரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. குளோரைடு கூடக்கூட இழுவிசைத் தகைவும் கூடும். கனிமம் நீக்கிய நீரையே ஊற்றுங்கள். சாக்கரின் சேர்த்தால் தகைவு தணியும் என்று கேள்விப்பட்டு அள்ளிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அளவு மீறினால் கந்தகம் ஏறி முலாம் நொறுங்கும். ஒரு பக்கம் மட்டும் அரக்குப் பூசிய மெல்லிய பித்தளைப் பட்டையை வாரம் ஒருமுறை தொட்டியில் விட்டுப் பாருங்கள். முலாம் ஏறிய பக்கம் உட்புறமாக அமையும்படி பட்டை வளைந்தால் இழுவிசை இருக்கிறது. சென்ற வாரத்தைவிட அதிகமாக வளைந்தால், விளக்கைத் தொங்கவிடுவதற்கு முன்பு கரைசலைச் சரிபார்க்க வேண்டும்.

தொட்டிக்குள் தவறி விழுந்த பித்தளைத் துண்டுகளை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கரையும் செம்பும் துத்தநாகமும் முலாமைக் கெடுக்கும். கெட்டுவிட்டது என்று அந்தக் கரைசலை வாய்க்காலில் திறந்துவிட வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நெளிதகடு ஒன்றைத் தொங்கவிட்டு, மிகக் குறைந்த மின்னோட்டத்தில் பல மணி நேரம் ஓட்டினால் செம்பு அந்தத் தகட்டிலேயே படிந்துவிடும். பிறகு கிளர்வூட்டிய கரியால் வடிகட்டினால், பெரும்பாலும் அதே கரைசலை மீண்டும் பயன்படுத்தலாம்.